சோழவந்தான் மாமாவுக்குப் பொங்கல் பரிசு: காபி பிரியருக்கு 1500 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

செல்லூர்க்காரி | டிசம்பர் 17, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமா சோழவந்தானில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா இல்லாத எங்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது அவர்தான். போன மாதம் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு என் சம்பளத்தில் அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வேட்டி சட்டையை வருடா வருடம் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பாதி பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

மாமாவுக்குக் காபிதான் உயிர். விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். பால்காரர் மணி அடிப்பதற்குள் டிகாஷன் இறங்கியிருக்க வேண்டும். விசேஷ வீட்டில் காபி சரியில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், ஆனால் இரண்டாவது வாய் குடிக்கமாட்டார்.

என் கையில் 1500 ரூபாய் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பிரெஞ்ச் பிரஸ், மோக்கா பாட், பால் நுரைக்கிற கருவி என்று என்னென்னமோ வருகிறது. நான் டீ குடிக்கிறவள், ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் | டிசம்பர் 17, இரவு 10.05

மோக்கா பாட் வாங்குங்கள் சகோ. இத்தாலியில் 1933இல் அல்ஃபோன்சோ பியலெட்டி கொண்டு வந்தது, இன்றைக்கும் அந்த நாட்டு வீடுகளில் இதுதான். கீழ் அறையில் தண்ணீர், நடுவில் பொடி, அடுப்பில் வைத்தால் அழுத்தத்தில் டிகாஷன் மேலே ஏறி வரும். ஐந்து நிமிட வேலை. கெட்டியாக இறங்குவதால் பால் ஊற்றினாலும் மணம் அமுங்காது. மூன்று கப் அளவு உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பா கேஸ் அடுப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண அலுமினிய மோக்கா பாட் இண்டக்‌ஷனில் சூடாகாது.

பிரெஞ்ச் பிரஸ் வேண்டாம். அது பால் கலக்காமல் குடிக்கிறவர்களுக்கு. அதில் இறங்கும் காபி நம் கணக்கில் தண்ணீர்.

கீழவாசல்காரன் | டிசம்பர் 17, இரவு 10.40

பித்தளை டவரா செட், வேறு யோசனையே வேண்டாம். மதுரையில் இருந்துகொண்டு எதற்கு இணையத்தில் தேட வேண்டும்? வெண்கலக்கடைத் தெருவில் நாலு கடை ஏறி இறங்குங்கள். கையில் எடுத்துப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா பாருங்கள். மடிந்திருந்தால்தான் சூட்டோடு பிடிக்க முடியும், தூக்கி ஆற்றவும் வாகாக இருக்கும். டவரா ஆழமாக இருக்க வேண்டும். இப்போது அலங்காரத்துக்காக வருகிற செட்டுகளில் டவரா சாஸர் மாதிரி தட்டையாக இருக்கிறது, அதில் ஆற்றினால் பாதி காபி தரையில்.

செல்லூர்க்காரி | டிசம்பர் 18, காலை 7.10

இருவருக்கும் நன்றி. மாமா வீட்டில் கேஸ் அடுப்புதான். ஆனால் புதிதாக ஒரு கருவி கொடுத்தால் பயன்படுத்துவாரா என்று தெரியவில்லை. டவரா செட் அவரிடம் நாலைந்து இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் போயிருந்தபோது, "இப்போதெல்லாம் பொடியே சரியில்லைம்மா, சப்பென்று இருக்கு" என்றார். ஒரு வருடத்துக்குள் மூன்று கடை மாற்றிவிட்டாராம்.

அனுப்பானடி அம்மா | டிசம்பர் 18, காலை 9.30

கண்ணு, எதையும் வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் சொல். மாமா வீட்டில் இப்போது எத்தனை பேர் காபி குடிக்கிறார்கள்? அவருடைய ஃபில்டர் எவ்வளவு பெரியது?

செல்லூர்க்காரி | டிசம்பர் 18, மதியம் 1.15

அம்மா, மாமா மட்டும்தான். அத்தை தவறி இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூர்.

ஃபில்டர் பித்தளை, பெரியது, எட்டு டம்ளராவது இறங்கும். அத்தை கல்யாணச் சீராகக் கொண்டு வந்தது. அத்தையின் பெயரும் 1979 என்று வருடமும் அதில் வெட்டியிருக்கும். சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போது அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பேன்.

அனுப்பானடி அம்மா | டிசம்பர் 18, மதியம் 2.00

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலும் மாமியார் போன பிறகு இதே கதை. பொடியில் குறை இல்லை கண்ணு. எட்டுப் பேர் ஃபில்டரில் ஒருவருக்குப் போடுகிறார். வறுத்தகொட்டை தம்பி வந்தால் விளக்கமாகச் சொல்வார்.

வறுத்தகொட்டை | டிசம்பர் 18, இரவு 8.45

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் காபிப்பொடி அரைக்கும் கடையில் 14 வருடமாக நிற்கிறேன். "பொடி சரியில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே ஃபில்டர் அளவுதான்.

மேல் அறையின் அடித்தட்டு அகலமாக இருக்கிறது என்று வையுங்கள். அதில் மூன்று ஸ்பூன் பொடி போட்டால் தோசை மாதிரி மெல்லிசாகப் பரவும். மேலே ஊற்றுகிற வெந்நீருக்குப் பொடியோடு நின்று பேச நேரமே இல்லை, விறுவிறுவென்று கீழே போய்விடும். நிறம் வரும், சாரம் வராது. அதே மூன்று ஸ்பூனைச் சின்ன ஃபில்டரில் போட்டால் ஒன்றரை விரற்கடை உயரத்துக்கு நிற்கும். சொட்டுச் சொட்டாக இறங்க இருபது நிமிடம் பிடிக்கும். அந்த டிகாஷன்தான் பாலில் விழுந்ததும் மணக்கும்.

பல வீடுகளில் இதைச் சரிக்கட்டப் பொடியை அள்ளிப் போடுகிறார்கள், அப்புறம் கசக்கிறது என்று தண்ணீரைக் கூட்டுகிறார்கள். தனியாக இருக்கிறவருக்கு இரண்டு கப் ஃபில்டர் போதும். எவர்சில்வரில் 300, 400 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடித்தட்டைப் பாருங்கள். துளைகள் நெருக்கமாக, சின்னதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். மேல் அறை கீழ் அறையில் இறுக உட்கார வேண்டும், ஆட்டினால் கடகடவென்று ஆடக்கூடாது. உள்ளே பொடியை அமுக்குகிற குடையும் சேர்ந்து வருகிறதா பாருங்கள். விலை குறைந்த சில ஃபில்டர்களில் அதைப் போடுவதே இல்லை.

கீழவாசல்காரன் | டிசம்பர் 18, இரவு 9.30

சின்ன ஃபில்டரை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பித்தளையில் வாங்குங்கள். எவர்சில்வரில் இறங்கிய காபிக்கும் பித்தளையில் இறங்கியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சூடு நின்று இறங்கும்.

வறுத்தகொட்டை | டிசம்பர் 18, இரவு 9.50

அண்ணே, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பித்தளை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காபி டிகாஷனில் புளிப்புத்தன்மை உண்டு. உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் அது அரைமணி, ஒரு மணி நின்றால் உலோக வாடை ஏறும், உடம்புக்கும் நல்லதில்லை. இன்றைக்கு இணையத்தில் விற்கிற பித்தளை ஃபில்டர்களில் எதற்கு உள்பூச்சு இருக்கிறது, எதற்கு இல்லை என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக வாங்கித் தினமும் புழங்குவதற்கு எவர்சில்வர்தான் என் ஓட்டு.

கீழவாசல்காரன் | டிசம்பர் 18, இரவு 10.15

பூச்சு இல்லாததை வாங்கச் சொல்லவில்லை தம்பி. பூசி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சொன்னதும் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. செல்லூர்த் தங்கச்சி, மாமா வீட்டில் இருக்கிற பழைய ஃபில்டரின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா? மஞ்சள் தெரிந்தால் ஈயம் போய்விட்டது என்று அர்த்தம். அவருக்குச் சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

தாண்டிக்குடி மிளகு | டிசம்பர் 19, காலை 6.20

இந்த இழையை நேற்றிரவு படித்தேன். நாங்கள் தாண்டிக்குடியில் மிளகும் காபியும் போட்டிருக்கிறோம். இப்போது பழம் பறிக்கிற நேரம், அதனால் விடியும் முன்பே விழிப்பு.

பொடி விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். பொங்கல் சமயத்தில் "புது அறுவடைக் காபி" என்று எழுதி விற்பார்கள், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எங்கள் பக்கம் அராபிகா என்கிற காபி வகை பழுப்பது கார்த்திகை, மார்கழி, தையில். பறித்த அன்றே தோல் உரித்து, புளிக்க வைத்து, கழுவி, களத்தில் காயப்போட வேண்டும். காய்ந்ததும் மேலே உமி மாதிரி ஓர் உறை இருக்கும். அதோடு மூட்டை கட்டி பட்டிவீரன்பட்டிப் பக்கம் இருக்கிற பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புவோம். உறை நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, கறுப்பு, உடைசல் பொறுக்கி வெளியே வர நாளாகும். இந்த மார்கழியில் பறித்தது பொங்கலுக்குள் உங்கள் டம்ளருக்கு வருவது அபூர்வம். பச்சைக் கொட்டையாக இருக்கும்வரை மாதக்கணக்கில் கெடாது என்பதால் அதில் கவலையும் இல்லை. வறுத்த தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும், அரைத்த பிறகு இன்னும் வேகமாக எண்ண வேண்டும்.

அதனால் அரைக்கிலோ டப்பா வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒருவர் குடிக்க நூறு நூறு கிராமாக இருந்தால் போதும்.

செல்லூர்க்காரி | டிசம்பர் 19, காலை 8.00

ஐயா, எவ்வளவோ புதிதாகத் தெரிந்துகொண்டேன். கடையில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று எழுதியிருக்கிறார்களே, அதெல்லாம் ஊர்ப் பெயரா? மாமாவுக்கு எதை வாங்குவது?

தாண்டிக்குடி மிளகு | டிசம்பர் 19, காலை 11.40

ஊர்ப் பெயர் இல்லை. ஒரு காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டை, ஒன்றுக்கொன்று தட்டைப் பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழத்தில் ஒன்றுதான் வளரும், அது பட்டாணி மாதிரி உருண்டையாக இருக்கும். அதைத் தனியாகப் பிரித்து விற்பதுதான் பீபெரி. பிளாண்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா, ஏ என்பது பெரிய அளவுக் கொட்டை. ரொபஸ்டா வேறு செடி, காரம் அதிகம், டிகாஷன் கெட்டியாக வரும். இரண்டில் எதையும் கழுவாமல் பழத்தோடு காயவைத்தால் அதைச் செர்ரி என்பார்கள்.

பீபெரி உருண்டையாக இருப்பதால் சட்டியில் உருண்டு சீராக வறுபடும் என்பார்கள். ருசியில் பெரிய மேல் கீழ் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. எந்தத் தோட்டம், எவ்வளவு பழுத்துப் பறித்தது என்பதுதான் பெரிது.

பழங்காநத்தம் மருந்தகம் | டிசம்பர் 19, மாலை 5.30

மாமாவுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மாலையில் காபி குடித்துவிட்டு இரவில் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறாரா? கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பெரியவர்களுக்கு அராபிகாவே நல்லது. சிக்கரியில் கஃபீன் கிடையாது, அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. மாலைக் காபிக்கு மட்டும் சிக்கரி கொஞ்சம் கூடின பொடி வைத்துக்கொள்ளலாம்.

செல்லூர்க்காரி | டிசம்பர் 19, இரவு 7.45

ஆமாம், தூக்கம் வரவில்லை என்று சொல்கிறார்! இரவு இரண்டு மணிவரை ரேடியோ கேட்டுக்கொண்டு இருப்பாராம். நாங்கள் தனிமை என்று நினைத்தோம். அதுவும் இருக்கும்.

நிலாத்தூரல் | டிசம்பர் 19, இரவு 8.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கருப்பட்டியும் காபிப்பொடியும் சேர்த்துப் பரிசாகக் கொடுக்கலாமே? உடன்குடிக் கருப்பட்டி நன்றாக இருக்கும். சர்க்கரை நோய் இருந்தாலும் பயமில்லை.

பழங்காநத்தம் மருந்தகம் | டிசம்பர் 19, இரவு 8.25

கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதைப் பயமில்லை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இதை நம்பி மாத்திரையை விட்டுவிட்டு எங்கள் கடைக்கு வருகிறார்கள்.

அனுப்பானடி அம்மா | டிசம்பர் 19, இரவு 8.50

கொதிக்கிற பாலில் கருப்பட்டி போட்டால் திரிந்தும் போகும். அது சுக்கு தட்டிப் போட்டு வரக்காபியாகக் குடிக்கத்தான் ருசி.

நிலாத்தூரல் | டிசம்பர் 19, இரவு 9.05

சரி, தெரியாமல் சொல்லிவிட்டேன், நன்றி. நான் வந்ததே என் தம்பிக்காகக் கேட்கத்தான். ஓசூரில் வேலை, அறையில் மூன்று பேர். பால் இல்லாமல் கறுப்புக் காபி குடிக்கிறான். கொட்டையாக வாங்கி மிக்ஸியில் அரைக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறான். ஆயிரம் ரூபாய்தான் என்னால் முடியும்.

திருநகர் | டிசம்பர் 19, இரவு 9.40

இது என் பக்கத்துப் பாடம். மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டுகிறது, அரைப்பதில்லை. பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும். மாவு கசக்கும், நொய் புளிக்கும், இரண்டும் ஒரே டம்ளரில். அதற்குத் தீர்வு பர் வைத்த, அதாவது கொட்டையை நசுக்கி அரைக்கிற பல் சக்கரம் வைத்த கைக் கிரைண்டர். ஆனால் நல்லது வாங்க ஆயிரம் போதாது. மலிவான பீங்கான் பர் கிரைண்டர் ஆயிரத்துக்குள் வரும், இருபது கிராம் அரைக்க நாலைந்து நிமிடம் சுற்ற வேண்டும். இளவயதுக்காரர், ஒரு டம்ளர்தான் என்றால் சமாளிப்பார்.

அதைவிட நான் சொல்வது டம்ளர் மேல் வைக்கிற பிளாஸ்டிக் கூம்பு, அதாவது டிரிப்பர் ஒன்று, அதற்குள் போட நூறு காகித ஃபில்டர், கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்று. பார்த்து வாங்கினால் ஆயிரத்தை ஒட்டி முடியும். பிளாஸ்டிக் என்று முகம் சுளிக்க வேண்டாம், பீங்கானைவிட அது சூட்டைக் குறைவாகத்தான் உறிஞ்சும். 15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர், கொதித்து இறக்கிய சூட்டில், மூன்று நிமிடம் போல எடுத்து இறங்கினால் சரியான அரைப்பு. தராசு வந்துவிட்டால் நேற்று ஏன் நன்றாக இருந்தது, இன்று ஏன் இல்லை என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார். அரைப்பைக் கடையிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், நூறு நூறு கிராமாக.

நிலாத்தூரல் | டிசம்பர் 19, இரவு 9.55

தராசு எனக்குத் தோன்றவே இல்லை. அதையே வாங்குகிறேன் அண்ணா.

வறுத்தகொட்டை | டிசம்பர் 20, காலை 10.30

செல்லூர்க்காரி, பொடிக்கு என் யோசனை. மூன்று சின்னப் பொட்டலம், ஒவ்வொன்றும் 100 கிராம். ஒன்று சிக்கரியே இல்லாத பீபெரி. ஒன்று பிளாண்டேஷன் ஏ, எண்பதுக்கு இருபது சிக்கரி. மூன்றாவது அதே கொட்டை, அறுபதுக்கு நாற்பது. ஒவ்வொன்றிலும் விகிதத்தையும் அரைத்த தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காபிக்காரர்களுக்கு இப்படி ஒப்பிட்டுக் குடிப்பது கோயில் திருவிழா மாதிரி. மூன்றாவதை மருந்தகத்து ஐயா சொன்னபடி மாலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மதுரையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. கண் முன்னால் அரைத்துத் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. விகிதம் சொன்னால் போதும், எந்த மாசி வீதியில் நின்றாலும் வாசனையே வழி காட்டும். அரைத்ததும் பொடி சூடாக இருக்கும், உடனே பையை இறுகக் கட்டாமல் கொஞ்சம் ஆறவிட்டு வாங்குங்கள். ஃபில்டருக்கு என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். ரொம்ப மாவாக அரைத்தால் துளை அடைத்துக்கொண்டு இறங்கவே இறங்காது.

பொட்டலப் பொடி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காபி சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம், எவ்வளவு சிக்கரி என்று உறையில் போட்டிருக்க வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

அனுப்பானடி அம்மா | டிசம்பர் 20, காலை 11.15

பரிசுக் கூடை என்று ஜிகினாத்தாள் சுற்றி விற்கிறார்களே, அதை மட்டும் வாங்கிவிடாதே கண்ணு. போன தீபாவளிக்கு என் மகள் ஓர் இணையக் கடையில் அப்படி ஒன்று வாங்கி அனுப்பினாள். நாலு சின்ன டப்பா, ஒரு கோப்பை, ஒரு மரக் கரண்டி. பொடி அரைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை ஆசையாக வாங்கியது என்று ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதம் குடித்துத் தீர்த்தேன். அந்தக் காசுக்கு ஒரு நல்ல எவர்சில்வர் சம்படம் வாங்கலாம், மூடி இறுக்கமாக, 200 கிராம் பிடிக்கிற மாதிரி. பெரிய சம்படத்தில் கொஞ்சம் பொடி இருந்தால் மீதி இடமெல்லாம் காற்றுதான். அடுப்பு மேடைக்கு மேலே வைக்கக்கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது. ஈரமும் மல்லித்தழை வாசனையும் ஏறிவிடும்.

செல்லூர்க்காரி | டிசம்பர் 22, இரவு 9.00

இன்று ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் போய்விட்டு வந்தேன். பரிசைப் பற்றி மாமாவிடம் மூச்சுவிடவில்லை. பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று சொல்லி ஃபில்டரைப் பார்த்தேன்.

கீழவாசல் அண்ணன் சொன்னது போலவே உள்ளே மஞ்சள். அடியில் கொஞ்சம் பச்சை கூடப் பூத்திருந்தது. நாலு ஸ்பூன் பொடி போட்டு ஊற்றுகிறார், பத்து நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிடுகிறது. நான் சும்மா, "சின்ன ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே மாமா" என்றேன். "இது இருக்கும்போது எதுக்கும்மா இன்னொண்ணு" என்று எழுத்து வெட்டின பக்கத்தைத் துணியால் துடைத்து ஜன்னல் மேடையில் கவிழ்த்தார்.

இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. சின்ன ஃபில்டர் கொடுத்தால் அத்தையுடையதை ஓரங்கட்டுகிற மாதிரி ஆகிவிடுமோ?

அனுப்பானடி அம்மா | டிசம்பர் 22, இரவு 9.25

ஆகாது. பெரியதுக்கு ஈயம் பூசிக் கொடு. பொங்கலுக்கு எல்லோரும் வருவீர்கள் இல்லையா, அன்றைக்கு அதில் போடட்டும். சின்னதில் மாமாவின் பெயரை வெட்டிக் கொடு. பாத்திரக்கடையில் வாங்குகிற பொருளுக்குப் பெயர் வெட்டக் காசுகூடக் கேட்கமாட்டார்கள்.

கீழவாசல்காரன் | டிசம்பர் 22, இரவு 9.50

அம்மா, இதைவிட நல்ல யோசனை இந்த இழையில் வரப்போவதில்லை.

ஈயம் பூச முன்பெல்லாம் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். பாத்திரத்தைத் துருத்தி நெருப்பில் பழுக்கக் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் ஒரே இழுப்பில் தேய்ப்பார்கள். வெள்ளைப் புகை மூக்கில் ஏறும், அடுத்த நொடி உள்ளே வெள்ளி மாதிரி மின்னும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது குறைந்துவிட்டார்கள், பழைய பித்தளைக் கடைகளில் கேட்டால் ஆள் சொல்வார்கள், அல்லது வாங்கி வைத்துப் பூசித் தருவார்கள்.

இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். பூசுவது சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலந்தது உடம்புக்கு விஷம். அப்புறம் மேல் அறையின் துளைகளை அடைத்துவிடக்கூடாது. எழுத்து வெட்டின வெளிப்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், பழைய வெட்டு ஆழம் குறைவாக இருக்கும், பாலீஷில் மங்கிவிடும்.

வறுத்தகொட்டை | டிசம்பர் 22, இரவு 10.20

பூசி வந்த பிறகு இரண்டு தடவை பழைய பொடி போட்டு இறக்கிக் கொட்டிவிடுங்கள். அதற்கப்புறம் உள்ளே கம்பி நார் படவே கூடாது, புளியும் சாம்பலும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

எவர்சில்வர் ஃபில்டரில் கொஞ்ச நாளில் துளை அடைத்து மெதுவாக இறங்க ஆரம்பித்தால், மேல் அறையை மட்டும் இடுக்கியில் பிடித்துக் கேஸ் தணலில் காட்டினால் ஒட்டின பொடி கருகி உதிர்ந்துவிடும். ஈயம் பூசினதை அப்படித் தணலில் காட்டாதீர்கள், பூச்சு உருகிவிடும்.

செல்லூர்க்காரி | டிசம்பர் 23, காலை 7.30

அடுத்த ஞாயிறு மாமாவிடம் பாலீஷ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வருகிறேன். அதுவரை காபிக்கு என்ன செய்வார் என்பதுதான் கவலை.

அனுப்பானடி அம்மா | டிசம்பர் 23, காலை 8.05

ஒரு ஃபில்டர் இரவல் கொடுத்துவிட்டு வா. என்னிடம் சின்னது ஒன்று சும்மா இருக்கிறது. தனிச்செய்தியில் சொல், எங்கே கொடுப்பது என்று பேசிக்கொள்வோம்.

செல்லூர்க்காரி | ஜனவரி 18, இரவு 8.30

எல்லோரும் காத்திருப்பீர்கள், தாமதத்துக்கு மன்னியுங்கள். வீடு நிறைய ஆட்கள், இன்றுதான் எழுத நேரம் கிடைத்தது.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும். இரண்டு கப் எவர்சில்வர் ஃபில்டர் 340 ரூபாய், பெயர் வெட்டக் காசு வாங்கவில்லை. பெரிய ஃபில்டருக்கு ஈயம் பூச 450. சம்படம் 180. மூன்று பொட்டலப் பொடி 285. மொத்தம் 1255. மீதியில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கினேன்.

போகி அன்று மாலை கொடுத்தேன். பெரிய ஃபில்டரை முதலில் பிரித்தார். மூடியைத் திறந்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். "கல்யாணமான புதுசில் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். வெளியே எழுத்தைத் தடவிப் பார்த்தார், அழிந்திருக்கிறதா என்று. அழியவில்லை. கடைக்காரரிடம் அதை மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

பொங்கலன்று காலை பதினோரு பேருக்கு அதில்தான் டிகாஷன். மாமாவே இரண்டு தடவை இறக்கினார். நானும் டீ கேட்காமல் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். எண்பதுக்கு இருபது போட்டிருந்தார். டவராவில் ஊற்றும்போதே வாசனை முற்றம் வரைக்கும் வந்தது.

சின்னதை அன்றைக்குத் தொடவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் எல்லோரும் கிளம்பிவிட்டோம்.

இன்று காலை ஐந்தேகாலுக்கு போன் அடித்தது. மாமாதான். "அந்தப் பொடி எந்தக் கடையில் வாங்கினே? சிக்கரி இல்லாதது எனக்குச் சரிப்படலை, எண்பதுக்கு இருபதில் ஒரு நூறு வாங்கி வைம்மா" என்றார். எந்த ஃபில்டரில் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு எந்த ஃபில்டரில் போடுவாங்க" என்று சிரித்தார்.

அம்மா, உங்கள் ஃபில்டரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அனுப்பானடி வரலாமா?

அனுப்பானடி அம்மா | ஜனவரி 18, இரவு 8.55

வா கண்ணு. காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கீழவாசல்காரன் | ஜனவரி 18, இரவு 9.10

தங்கச்சி, ஈயம் பூசின கடை எந்தப் பக்கம்? எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை ஒன்று காத்துக்கொண்டு இருக்கிறது.